கோர்ட் படி ஏறியவருக்குக் கல்யாண இன்சூரன்ஸ்: நான் சுற்றிய வழி

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சி போக ஒரு மணி நேரம் போதும். ஒரே ஒரு பாலிசிக்காக அந்த ரோட்டில் பதினொரு நடை நடந்திருக்கிறேன். அதில் ஏழு நடை வீண். அந்த ஏழு நடையையாவது நீங்கள் மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கதை சுருக்கமாக. தேங்காய் நார் வியாபாரம். சரக்குக்குக் கொடுத்த செக் திரும்பி வந்து வழக்கானது. சித்தூர் கோர்ட்டில் தண்டனை. (நம்ம பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராச் சித்தூர் இல்லை.) அதற்கு முன்பே கோயில் நோம்பியில் ஒரு அடிதடி கேஸ், சமரசத்தில் முடிந்தது. இன்னொரு பக்கம் வேன் கடன், கட்ட முடியாமல் செட்டில்மென்ட். இத்தனையும் தலையில் இருக்க, ஆவணியில் எனக்குக் கல்யாணம் என்று நிச்சயமானது.

ஆவணி என்றால் மழைக்காலம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் என் சித்தப்பா மகள் கல்யாணம் தள்ளிப்போய், ஆடிட்டோரியத்துக்கும் சமையல்காரருக்கும் கொடுத்த அட்வான்ஸ் மொத்தமும் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதனால்தான் இன்சூரன்ஸ் எண்ணமே வந்தது.

1. இந்த பாலிசி எதற்கு உதவும், எதற்கு உதவாது

கல்யாண இன்சூரன்ஸ் என்று தனியாக ஒரு சட்டம் கிடையாது. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் ஒரு கலவை பாலிசி இது. தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் போன்றவற்றாலோ, பெண், மாப்பிள்ளை அல்லது நெருங்கிய ரத்த உறவுக்குச் சாவு, பெரிய விபத்து என்று வந்தோ கல்யாணம் நின்றால் அல்லது தள்ளிப்போனால், திரும்பி வராத செலவைத் தருவார்கள். கூடவே நகை, பொருள் திருட்டு, மண்டபத்துக்கு உண்டான சேதம், விருந்தினருக்கு அடிபட்டால் வரும் பொறுப்பு என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கும். வேண்டியதை மட்டும் எடுக்கலாம்.

உதவாத பட்டியல்தான் நீளம். பெண்ணோ மாப்பிள்ளையோ மனம் மாறினால் கிடையாது. இரண்டு வீட்டாருக்குள் தகராறு என்றாலும் கிடையாது. பஸ் பழுதாகிச் செக்போஸ்டில் நின்றால் அதுவும் நம் தலையில்தான். எங்கள் பக்கத்துக்கு முக்கியமானது ஹர்த்தால், அதாவது கடையடைப்பு. வேலைநிறுத்தம், கலவரம் எல்லாம் பெரும்பாலான பாலிசிகளில் விலக்கு. 2019 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம், ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று சொன்னதால் ஓரளவு தப்பித்தோம். பாலிசி அதில் கைகொடுக்காது. தொற்றுநோய்க்கு அரசு போடும் கட்டுப்பாடும் பல பாலிசிகளில் விலக்குதான். நிபா வந்துபோகும் ஊரில் இருப்பவர்கள் அந்த வரியை இரண்டு தடவை படியுங்கள்.

"நெருங்கிய உறவு" என்பதற்கு அவர்கள் கொடுக்கும் விளக்கத்தையும் பாருங்கள். என் பாலிசியில் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களோடு சரி. தாய்மாமன் இல்லை. நம் வீடுகளில் தாய்மாமன் போனால் கல்யாணம் நடக்குமா? பங்காளி வீட்டுச் சாவுத் தீட்டு என்று முகூர்த்தத்தைத் தள்ளினாலும் கம்பெனி அதைக் காரணமாக எடுத்துக்கொள்ளாது. ஏற்கெனவே நோயில் படுத்திருக்கும் உறவினர் விஷயத்திலும் இதே கதைதான்.

அப்புறம், நம்மைப் போன்றவர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டியது: முகூர்த்தத்துக்கு முதல் நாள் போலீஸ் வந்து மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் பைசா தேறாது. அதனால் இன்சூரன்ஸுக்கு முன்னால் வாரண்டைப் பாருங்கள். வாய்தாவுக்குப் போகாமல் விட்ட வழக்கு எதுவும் இருந்தால் பிடிவாரண்ட் பிறந்திருக்கும். வக்கீலை வைத்து ஆஜராகி அதை ரத்து செய்யாமல் பத்திரிகை அடிக்கக் கொடுக்காதீர்கள்.

2. உங்கள் பழையதை நீங்களே முதலில் தோண்டி எடுங்கள்

இந்த வேலைதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். நான் கடைசியில் செய்தேன், அதனால்தான் அலைந்தேன்.

முதலில் வழக்கு. இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரையும் வருடத்தையும் போட்டுத் தேடினால் உங்கள் வழக்கு வந்து நிற்கும். 16 எழுத்து, எண் கொண்ட சி.என்.ஆர். எண் ஒவ்வொரு வழக்குக்கும் உண்டு. அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிவது கம்பெனிக்காரருக்கும் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய தளம் அது.

பிறகு அந்தக் கோர்ட்டில் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். எனக்கு ஸ்டாம்பு, பக்கக் கட்டணம், வக்கீல் குமாஸ்தாவின் டீச்செலவு எல்லாம் சேர்த்து 400 ரூபாய் ஆனது. ஒன்பது நாள். பழைய வழக்கென்றால் கட்டு ரெக்கார்டு ரூமில் இருக்கும், இன்னும் நாளாகும். கோர்ட் கோடை விடுமுறையில் மாட்டிக்கொண்டால் ஒரு மாதமே போய்விடும்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். செக் வழக்கில் எனக்குக் கொடுத்த தண்டனை, கோர்ட் கலையும்வரை சிறை. காலையில் பெஞ்சு ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். சாயங்காலம் மாஜிஸ்திரேட் எழுந்து உள்ளே போனதும் நானும் எழுந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். அதைச் சிறை என்று யார் நினைப்பார்கள்? ஆனால் காகிதத்தில் அது தண்டனைதான். குற்றம் நிரூபணமானது என்றுதான் தீர்ப்பு சொல்கிறது. செக் வழக்கு, அதாவது மாற்று ஆவணச் சட்டம் 138-வது பிரிவு, இரண்டு வருடம் வரை சிறை கொடுக்கக்கூடிய குற்றம். "அது சிவில் மேட்டர்தானே" என்று டீக்கடையில் சொல்வதை நம்ப வேண்டாம்.

பெட்டிக் கேஸ் என்று சொல்லும் சில்லறை வழக்கும் அப்படித்தான். குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை என்று கேரளா போலீஸ் சட்டம் 118-ல் பிடித்து, கோர்ட்டில் "செய்தேன்" என்று ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டு வந்தவர்கள் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. ஒப்புக்கொண்டு கட்டிய ஃபைன் தண்டனைக் கணக்கில்தான் வரும்.

மாறாக என் அடிதடி கேஸ். லேசான காயம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 323-வது பிரிவு. எதிராளியோடு கோர்ட்டிலேயே சமரசம் பதிவானது. சமரசம் என்றால் சட்டத்தின் கண்ணில் விடுதலை. இத்தனை நாள் இதைத்தான் பெரிய கேஸ் என்று பயந்துகொண்டிருந்தேன். காகிதத்தை எடுத்துப் பார்த்தால் தலைகீழ். பயந்தது ஒன்றுமில்லை, மறந்தது தண்டனை. நீங்களும் நினைவை நம்பாமல் நகலை நம்புங்கள்.

இன்னும் சில வகையினருக்கு ஓரிரு வார்த்தை. தண்டனைக்குப் பதில் நன்னடத்தைப் பிணையில் விட்டிருந்தால், 1958-ம் வருட நன்னடத்தைச் சட்டம் 12-வது பிரிவு அந்தத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. ஆனால் குற்றம் நிரூபணமானது என்ற தீர்ப்பு அப்படியே இருக்கும். விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்று வக்கீலைக் கேளுங்கள். 18 வயதுக்கு முன் சிறார் நீதி வாரியத்தில் முடிந்த வழக்கு என்றால் 2015 சட்டத்தின் 24-வது பிரிவு பாதுகாப்பு தருகிறது. மற்றபடி, இத்தனை வருடம் கழிந்தால் பழைய தண்டனையைச் சொல்ல வேண்டாம் என்று பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை.

அடுத்து கடன். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நம் கடன் கணக்கைக் குறித்து வைக்கும் நான்கு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நூறு, இருநூறு வாங்கிக்கொண்டு எடுத்துத் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். "செட்டில்டு" என்று இருக்கிறதா, "குளோஸ்டு" என்று இருக்கிறதா என்று பாருங்கள். பாதி கட்டி முடித்த கடன் "செட்டில்டு" என்றுதான் இருக்கும். கட்டி முடித்த பிறகும் பாக்கி என்று காட்டினால் புகார் போடுங்கள். 30 நாளில் சரிசெய்ய வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

உண்மையைச் சொன்னால், என் பாலிசிக்கு சிபில் ஸ்கோரை யாரும் கேட்கவில்லை. கடன் கேட்டால்தானே ஸ்கோர்? ஆனாலும் அறிக்கையை எடுத்தது வீணாகவில்லை. ஏன் என்று ஏழாவது படியில் தெரியும்.

மஞ்சக் கடுதாசி கொடுத்தவர்கள் விஷயம் வேறு. கோர்ட்டில் திவால் என்று அறிவித்த உத்தரவும், பிறகு அதிலிருந்து விடுவித்த உத்தரவும் இரண்டுமே வேண்டும். விடுவிக்கும் உத்தரவு இன்னும் வாங்கவில்லை என்றால், நாளைக்கு வரும் இழப்பீடுகூட, உங்கள் சொத்தைப் பார்த்துக்கொள்ளக் கோர்ட் வைத்த ரிசீவர் கைக்குப் போகக்கூடும். முதலில் அதை முடியுங்கள்.

ஒரு வீண் செலவையும் சொல்லிவிடுகிறேன். ஏஜென்ட் ஒருவர் பேச்சைக் கேட்டு போலீஸ் சான்றிதழுக்கு அலைந்தேன். கேரளாவில் அதைக் குற்றத்தில் ஈடுபடவில்லை என்ற சான்றிதழ் என்பார்கள். ஈடுபட்டவனுக்கு அதை எப்படித் தருவார்கள்? கம்பெனி எழுத்தில் கேட்காதவரை அந்தப் பக்கம் போகாதீர்கள். தீர்ப்பு நகலே போதும்.

3. கையெழுத்துக்கு முன்னால் விசாரணை

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கும்: "இதற்கு முன் ஏதாவது காப்பீட்டு நிறுவனம் உங்கள் விண்ணப்பத்தை மறுத்ததா, பாலிசியை ரத்து செய்ததா, கூடுதல் நிபந்தனை விதித்ததா?" பார்ப்பதற்குச் சாது. ஆனால் ஒரு கம்பெனியில் முறையாக விண்ணப்பம் போட்டு மறுத்துவிட்டால், அடுத்த கம்பெனியில் "ஆமாம்" என்று எழுத வேண்டிவரும். எனக்கு அதுதான் நடந்தது. முதல் கிளையில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு வரிக் கடிதத்தில் மறுத்தார்கள். அந்த ஒரு வரி பிறகு என்னோடு எல்லா இடத்துக்கும் வந்தது.

அதனால் முதலில் மின்னஞ்சலில் விசாரியுங்கள். பெயர் கூட வேண்டாம். "மாப்பிள்ளைக்கு இன்ன வருடம் 138 வழக்கில் கோர்ட் கலையும்வரை சிறை, நஷ்டஈடு கட்டி முடிந்தது. 6 லட்சத்துக்குக் கல்யாண பாலிசி தருவீர்களா, என்ன நிபந்தனை?" இவ்வளவுதான். இது விண்ணப்பம் ஆகாது. மறுத்தாலும் மறுப்புக் கணக்கில் வராது.

யாரிடம் விசாரிப்பது? ஏஜென்ட் கம்பெனியின் ஆள். புரோக்கர் சட்டப்படி உங்கள் ஆள், பல கம்பெனிகளிடம் கேட்டுச் சொல்லலாம். நம்மைப் போன்ற சிக்கலான கேஸுக்கு உரிமம் பெற்ற புரோக்கர்தான் சரி. உரிமம் உண்டா என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இணையதளத்தில் பாருங்கள். பாலிசிக்கும் யு.ஐ.என். என்ற எண் உண்டு, அதையும் அங்கேயே சரிபார்க்கலாம். சின்ன ஊர்க் கிளைகளில் கல்யாண பாலிசி என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் பைக் இன்சூரன்ஸ் எடுத்து நீட்டுவார்கள். சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

4. யார் பெயரில் எடுப்பது

"மச்சான் பேர்ல எடுத்துருங்க, ஒரு கேள்வியும் வராது" என்று ஒரு ஏஜென்ட் அண்ணன் எனக்குச் சொன்னார். இந்த யோசனை உங்களுக்கும் வரும்.

செலவு செய்பவர், கல்யாணம் நின்றால் பணம் இழப்பவர் யாரோ அவர்தான் எடுக்க முடியும். மாமனார் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் உண்மையிலேயே கொடுக்கிறார் என்றால் அவர் பெயரில் எடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் அப்போதும் கேள்வி "நீங்களோ, பெண்ணோ, மாப்பிள்ளையோ" என்று இருந்தால் உங்கள் வழக்கு உள்ளே வந்துவிடும். பணம் நீங்கள் கொடுத்து, பெயர் மட்டும் மச்சானுடையது என்றால் கிளெய்ம் நாளில் ரசீதெல்லாம் உங்கள் பெயரில் இருக்கும், பாலிசி வேறு பெயரில் இருக்கும். அப்போது மச்சானும் நீங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் மாமனார் பெயரில்தான் எடுத்தோம். அதனால் அந்தத் தீர்ப்பு நகலை அவரிடம் காட்ட வேண்டி வந்தது. செக் கேஸ் அவருக்குத் தெரியும், தண்டனை தெரியாது. கண்ணாடியைப் போட்டு நான்கு பக்கத்தையும் படித்தார். மடித்துக் கவரில் வைத்துவிட்டு, "கம்பெனிக்காரனுக்குச் சொல்றதுக்கு முன்னால எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க மாப்ள" என்றார். அவ்வளவுதான். பெண் வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றால், விண்ணப்பம் போடுவதற்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். பாலிசி காகிதம் வழியாக அவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

5. விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள்

காப்பீடு முழுக்க நம்பிக்கையில் ஓடும் ஒப்பந்தம். முக்கியமான விஷயத்தை மறைத்தது தெரிந்தால் கிளெய்மை மறுக்கலாம், பாலிசியையே செல்லாது என்று சொல்லலாம். கல்யாண பாலிசியில் இது இன்னும் மோசம். விண்ணப்பம் போடும்போது ஒருவரும் தோண்ட மாட்டார்கள். பிரீமியத்தை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். வெள்ளம் வந்து நீங்கள் 5 லட்சம் கேட்டபிறகுதான் தோண்டுவார்கள்.

ஏஜென்ட் "கையெழுத்து மட்டும் போடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றால் பேனாவை மூடிவிடுங்கள். அவர் "இல்லை" என்று டிக் அடித்தாலும் கையெழுத்து உங்களுடையது.

எங்கள் பக்கத்துக்கு ஒரு தனிச் சிக்கல். பாலக்காட்டுப் பக்கக் கிளையில் விண்ணப்பம் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ இருக்கும், மாமனார் கையெழுத்து தமிழில் இருக்கும். அப்படியிருந்தால் விண்ணப்பத்தை அவருக்குத் தெரிந்த மொழியில் படித்து விளக்கியவர் அதை உறுதிசெய்து கையெழுத்திட ஒரு இடம் இருக்கும். அதைக் காலியாக விடாதீர்கள். ஏஜென்டே போட்டுக்கொள்கிறேன் என்பார். உண்மையில் விளக்கியவர் போடட்டும்.

பதில் எழுதுவதில் ஒரே விதி: கேட்டதற்குப் பதில், முழுப் பதில், அதோடு நிறுத்து. "தண்டனை பெற்றிருக்கிறீர்களா" என்று கேட்டால் தண்டனையை எழுதுங்கள். "வழக்கு நிலுவையில் உண்டா" என்றும் கேட்டால் அதையும் எழுதுங்கள். கடன் பற்றிக் கேட்காத விண்ணப்பத்தில் வேன் கடன் புராணம் பாட வேண்டாம். கேள்வி தெளிவாக இல்லை, உங்கள் விஷயம் அதில் வருமா வராதா என்று சந்தேகம் என்றால் மட்டும் சொல்லிவிடுவது நல்லது.

இடம் போதாது. "இணைப்பு பார்க்க" என்று எழுதித் தனித்தாள் வையுங்கள். நாங்கள் வைத்தது இப்படி இருந்தது:

"மாப்பிள்ளை மீது மாற்று ஆவணச் சட்டம் 138-ன் கீழ் ஒரு வழக்கு. வழக்கு எண், சி.என்.ஆர். எண் மேலே. வியாபாரக் கொடுக்கல் வாங்கலில் ஒரே ஒரு காசோலை. தண்டனை: நீதிமன்றம் கலையும்வரை சிறை, நஷ்டஈடு. நஷ்டஈடு முழுவதும் செலுத்தப்பட்டது, ரசீது இணைப்பு 2. மேல்முறையீடு இல்லை. வேறு தண்டனை இல்லை, நிலுவை வழக்கு இல்லை. இதற்கு முன் ஒரு நிறுவனம் இதே வகை விண்ணப்பத்தை மறுத்துள்ளது, கடிதம் இணைப்பு 3."

அழுகை இல்லை, எதிராளி மேல் பழி இல்லை. முதலில் நான் எழுதியது இரண்டு பக்கம், நார் விலை எப்படி விழுந்தது என்பது உட்பட. புரோக்கர் படித்துவிட்டு, "அண்ணா, இது ஜாமீன் மனு இல்ல" என்று சொல்லி அடித்துவிட்டார்.

கொடுத்த எல்லாவற்றுக்கும் நகலில் கிளையின் சீலும் தேதியும் வாங்குங்கள். அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பாலிசி வரும்போது கூடவே விண்ணப்ப நகலையும் கேட்டு வாங்கி, நீங்கள் எழுதியதுதான் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மற்ற ஆவணங்கள் எளிது. 2023 ஜனவரி 1 முதல் எல்லா பாலிசிக்கும் கே.ஒய்.சி. கட்டாயம். ஆதார், பான், பான் இல்லையென்றால் அதற்கான படிவம். பத்திரிகை, மண்டப ஒப்பந்தம், செலவுப் பட்டியல். ஆதாரில் இனிஷியல் முன்னால், பானில் பின்னால் என்றால் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

6. தொகையும் ரசீதும்

எவ்வளவுக்கு எடுப்பது என்றால், கல்யாணம் நின்றால் திரும்பி வராத பணம் எவ்வளவோ அவ்வளவுக்கு. எங்கள் கணக்கு: மண்டபம், சமையல், பந்தல், அலங்காரம், போட்டோ, பத்திரிகை, பஸ் எல்லாம் சேர்த்து 6 லட்சம். நகையைத் தனிப் பிரிவில் கேட்பார்கள். அடகுக்கடையில் இருக்கும் நகையைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். நானும் சேர்த்தேன், அதனால்தான் சொல்கிறேன். முகூர்த்தத்துக்கு முன் மீட்டுவிடுவோம் என்று நினைப்போம். மீட்ட ரசீது வந்தபிறகு சேருங்கள்.

ரசீதுதான் உயிர். துண்டுச்சீட்டில் "50,000 பெற்றேன்" என்று எழுதிக் கொடுக்கும் சமையல்காரரிடம், லெட்டர்ஹெட்டில் தேதி போட்டுக் கேளுங்கள். முடிந்தவரை வங்கி வழியாகக் கொடுங்கள். ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமானவரிச் சட்டம் அனுமதிப்பதில்லை, அதனால் பெரிய மண்டபங்களே கேட்பதில்லை.

எல்லை ஊர்க்காரர்களுக்கு: முகூர்த்தம் பொள்ளாச்சியில், வரவேற்பு கொழிஞ்சாம்பாறையில் என்றால் இரண்டு முகவரியும் இரண்டு தேதியும் பாலிசி அட்டவணையில் ஏற வேண்டும். எங்களுக்கு முதலில் வந்த பாலிசியில் பொள்ளாச்சி மட்டும் இருந்தது. வரவேற்பு பாலிசிக்கு வெளியே நின்றது. திருத்தி வாங்க நான்கு நாள் ஆனது.

7. பிரீமியம் கட்டுவதில் பள்ளம்

1938 காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவுப்படி, பிரீமியம் கைக்கு வந்தபிறகுதான் கம்பெனிக்குப் பொறுப்பு. செக் கொடுத்து அது திரும்பினால் பாலிசி இல்லை. செக் வழக்கில் தண்டனை வாங்கியவன் பிரீமியச் செக்கையும் திருப்பினால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட நடந்தது. பிரீமியத்துக்கென்று கணக்கில் போட்ட பணத்தை, செட்டில்மென்ட் ஆன வேன் கடனின் பழைய தானியங்கிக் கழிவு (ஆட்டோ டெபிட்) வந்து எடுத்துக்கொண்டது. கடன் முடிந்தும் அந்த அனுமதியை யாரும் ரத்து செய்திருக்கவில்லை. சிபில் அறிக்கையில் அந்தக் கடன் இன்னும் பாக்கி என்று இருந்ததைப் பார்த்தபோதே நான் விழித்திருக்க வேண்டும்.

எனவே, பழைய கடனின் கழிவு அனுமதி, வங்கி தன் பாக்கிக்காகப் பிடித்து வைக்கும் லியன், முடக்கம் எதுவும் இல்லாத கணக்கிலிருந்து கட்டுங்கள். பாலிசி யார் பெயரிலோ அவர் கணக்கிலிருந்தே போகட்டும். யு.பி.ஐ. அல்லது கார்டு, உடனே ரசீது.

எங்களிடம் சொன்ன விலை: சாதாரணமாக 6,000, வழக்கும் பழைய மறுப்பும் இருப்பதால் 7,500. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 1,350. ஆக 8,850 ரூபாய். கூடவே ஒரு நிபந்தனை: நகைத் திருட்டுப் பிரிவு தர மாட்டோம் என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. மாமனார் "நகைக்கு வீட்டுல ஆளு இருக்குது, மழைக்குத்தான் ஆளில்ல, போடுங்க" என்றார். போட்டோம். நிபந்தனை என்ன வந்தாலும் எழுத்தில் வாங்குங்கள்.

8. எப்போது தொடங்குவது

முகூர்த்தத்துக்கு நான்கு மாதம் முன். தீர்ப்பு நகலுக்கு ஒரு மாதம் வையுங்கள். சிபில் தகராறு இருந்தால் அதுவும் அதே மாதத்தில் ஓடட்டும். விசாரணைக்கு இரண்டு வாரம். விண்ணப்பம் போட்டால் கிளை முடிவெடுக்காது, மேலே அனுப்பும். எங்களுக்கு 17 நாள். திருத்தத்துக்கு ஒரு வாரம். கடைசி மாதத்தில் பந்தல்காரரோடு சண்டை போடவே நேரம் சரியாக இருக்கும்.

மழை எச்சரிக்கை வந்தபிறகு, ஆற்றில் தண்ணீர் ஏறியபிறகு ஓடிப்போய் எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். தெரிந்த ஆபத்துக்கு காப்பீடு கிடையாது.

9. மறுத்தால், இழுத்தால்

விண்ணப்பத்தை மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு, அதில் சண்டை போட்டுப் பயனில்லை. காரணத்தை எழுத்தில் கேட்டு வைத்துக்கொண்டு அடுத்த இடம் பாருங்கள்.

கிளெய்ம் வேறு. ஏதாவது நடந்தால் அன்றே போனிலும் மின்னஞ்சலிலும் சொல்லுங்கள். திருட்டென்றால் எஃப்.ஐ.ஆர். வேண்டும். வெள்ளமென்றால் மண்டப வாசலில் தண்ணீர் நிற்கும் போட்டோ, மண்டபக்காரரின் கடிதம். 2024-ல் வந்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கைப்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்தில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை, அது வந்த 7 நாளில் கம்பெனி முடிவு. சர்வேயர் வரும்வரை பந்தலைக் கழற்றாதீர்கள்.

மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 155255 என்ற எண்ணிலும் அதன் பீமா பரோசா தளத்திலும் புகார் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மன். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை பார்ப்பார்கள். கம்பெனியின் இறுதி மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நீங்கள் குடியிருக்கும் இடம், கம்பெனிக் கிளை இருக்கும் இடம் இரண்டில் எந்த எல்லையிலும் புகார் கொடுக்கலாம். கேரளாவுக்கு கொச்சி, தமிழ்நாட்டுக்குச் சென்னை, ஆந்திராவுக்கு ஹைதராபாத். கொழிஞ்சாம்பாறையில் வீடும் பொள்ளாச்சியில் பாலிசியும் உள்ளவர்களுக்கு கொச்சிதான் பக்கம்.

எங்கள் கல்யாண நாளில் காலையில் தூறல், பத்து மணிக்கு வெயில். கிளெய்ம் எதுவும் இல்லை. ஒன்று மட்டும் அன்றுதான் உறைத்தது: பாலிசி எண், கிளெய்ம் போன் நம்பர் எல்லாம் என் போனில் இருந்தது. போன் என் பட்டுவேட்டிக்குச் சரிப்படாது என்று யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், சாயங்காலம்தான் கிடைத்தது. மணமேடையில் உட்காராத ஒருவர் போனில் அதைப் போட்டு வையுங்கள். பந்தியைக் கவனிக்கும் மச்சானாக இருந்தால் நல்லது, அவர் எப்படியும் மண்டபத்தை விட்டு நகரமாட்டார்.